ஒரு கேபிள் கழன்றாலும் சர்வர் ஓடுவது எப்படி? 4 வழி இருந்தும் 'சர்வர் டவுன்' ஆவது ஏன்? முழு விளக்கம்

ஏடிஎம் வாசலில் நிற்கிறீர்கள். பணம் வரவில்லை. வங்கிக்குள் போய்க் கேட்டால், கவுன்ட்டரில் இருப்பவர் தலை நிமிராமல் சொல்கிறார்: "சர்வர் டவுன் சார், கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க."

இந்த 'சர்வர் டவுன்' என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் நூறு காரணங்கள் இருக்கலாம். அதில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சர்வருக்கும், அதன் டேட்டா இருக்கும் ஸ்டோரேஜுக்கும் நடுவில் ஓடும் கேபிள்.

ஒரு கேபிள் போனால் மொத்த வேலையும் நிற்கக் கூடாது. அதனால் ஒரே டேட்டாவுக்கு 2, 4, 8 என்று பல வழிகளை வைக்கிறார்கள். இதற்குப் பெயர் 'மல்டிபாத்'. பல வழி என்பதுதான் அர்த்தம்.

சரி, 4 வழி இருந்தும் சர்வர் படுத்துவிடுகிறதே, அது எப்படி? அதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் உங்கள் காரின் டிக்கியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஸ்டெப்னி இருக்கும். அதில் காற்று இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? மேட்டர் அவ்வளவுதான். விரிவாகப் பார்க்கலாம்.

சர்வர் வேற, ஸ்டோரேஜ் வேறயா?

நம் வீட்டு லேப்டாப்பில் எல்லாமே ஒரே பெட்டிக்குள் இருக்கும். பெரிய நிறுவனங்களில் அப்படி இல்லை. கணக்குப் போடும் சர்வர் ஒரு ரேக்கில் இருக்கும். டேட்டாவைச் சேமிக்கும் ஸ்டோரேஜ் பெட்டி இன்னொரு ரேக்கில் இருக்கும். பல சர்வர்கள் ஒரே ஸ்டோரேஜைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

இரண்டையும் இணைக்க 'ஃபைபர் சேனல்' என்ற தொழில்நுட்பம் பரவலாகப் பயன்படுகிறது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான ஆன்சி 1994-ல் அங்கீகரித்த தொழில்நுட்பம் இது. கண்ணாடி இழை கேபிளில் ஒளியாக டேட்டா ஓடும்.

இந்த இணைப்பு முழுவதையும் சேர்த்து 'சான்' என்று அழைப்பார்கள். ஸ்டோரேஜுக்கென்றே தனியாகப் போடப்பட்ட நெட்வொர்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செல்போன் போகும் இன்டர்நெட் வேறு, இது வேறு.

இங்கே யூனிக்ஸ் எங்கே வருகிறது? 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய ஆபரேட்டிங் சிஸ்டம் யூனிக்ஸ். அதன் வழியில் வந்தவைதான் ஐபிஎம்-இன் ஏஐஎக்ஸ், சன் நிறுவனத்தின் சோலாரிஸ், ஹெச்பி-யின் ஹெச்பி-யூஎக்ஸ் எல்லாம். 1986-ல் வந்த ஏஐஎக்ஸ் இன்றும் வங்கி, இன்சூரன்ஸ் மாதிரி நிற்கவே கூடாத இடங்களில் ஓடுகிறது. இந்தக் கட்டுரையில் அதையே முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

4 வழி எப்படி வருகிறது?

கணக்கு ரொம்ப சிம்பிள்.

- சர்வரில் ஃபைபர் கேபிள் சொருகும் கார்டு இருக்கும். பெயர் 'ஹெச்பிஏ'. ஒன்றுக்கு இரண்டாக வைப்பார்கள்.
- நடுவில் சான் ஸ்விட்ச். இதுவும் இரண்டு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு இருக்காது.
- ஸ்டோரேஜ் பெட்டிக்குள் 'கன்ட்ரோலர்' என்ற மூளை. அதுவும் இரண்டு.

முதல் கார்டு முதல் ஸ்விட்ச் வழியாக இரண்டு கன்ட்ரோலருக்கும் போகும். இரண்டாவது கார்டு இரண்டாவது ஸ்விட்ச் வழியாக அதே இரண்டு கன்ட்ரோலருக்கும் போகும். ஆக மொத்தம் 2 பெருக்கல் 2, 4 வழி.

இதில் கார்டு, கேபிள், ஸ்விட்ச், கன்ட்ரோலர் எதுவாக இருந்தாலும் ஒன்று போகலாம். மிச்சம் குறைந்தது 2 வழியாவது இருக்கும். திட்டம் இதுதான்.

அப்படியென்றால் 4-க்குப் பதில் 32 வழி வைத்தால் இன்னும் பாதுகாப்புதானே என்று தோன்றும். அது சரியில்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒவ்வொரு வழியையும் சர்வர் கண்டுபிடிக்க வேண்டும், நினைவில் வைக்க வேண்டும், சோதிக்க வேண்டும். வழி கூடக் கூட பூட் ஆகும் நேரமும் கூடும். பிரச்சினை வந்தால் மாறும் நேரமும் கூடும். அளவோடு வைப்பதே நல்லது.

ஒரே டிஸ்க், 4 முகம்

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. 4 வழியிலும் ஒரே டிஸ்க்தான் தெரியும். ஆனா, சர்வருக்கு அது தெரியாது. 4 வழியில் 4 தனித்தனி டிஸ்க் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஒரே ஆளை நாலு கண்ணாடியில் பார்த்துவிட்டு நாலு பேர் என்று நம்புவது மாதிரி. அந்த நாலையும் தனித்தனி டிஸ்க் என்று எடுத்து எழுத ஆரம்பித்தால் டேட்டா நாசமாகிவிடும்.

இதைத் தடுப்பதே மல்டிபாத் மென்பொருளின் முதல் வேலை. ஒவ்வொரு டிஸ்க்கும் கேட்டால் தன் தனி அடையாள எண்ணைச் சொல்லும். 4 வழியிலும் ஒரே எண் வந்தால், இது ஒரே டிஸ்க் என்று மென்பொருள் புரிந்துகொள்ளும். நாலையும் சேர்த்து ஒரே பெயரில் காட்டும்.

ஏஐஎக்ஸில் இந்த வசதி ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பெயர் 'எம்பிஐஓ'. 2002-ல் வந்த 5.2 பதிப்பிலிருந்து உண்டு. டிஸ்க்கின் பெயர் 'ஹெச்டிஸ்க்2' என்று ஒன்றாகத்தான் தெரியும். அதற்குள் எத்தனை வழி என்று பார்க்க 'எல்எஸ்பாத்' என்ற கமாண்டை அடிக்க வேண்டும்.

கேபிள் கழன்றால் அந்த நொடியில் என்ன நடக்கும்?

டேட்டா சென்டரில் வேறு ஏதோ வேலை செய்யப் போனவர் தெரியாமல் ஒரு கேபிளை இழுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

- கார்டுக்கு ஒளி வருவது நிற்கும். லிங்க் போய்விட்டது என்று அது டிரைவருக்குச் சொல்லும்.
- அந்த வழியில் பாதியில் நிற்கும் படிக்கும், எழுதும் வேலைகள் தோல்வி என்று திரும்பி வரும்.
- எம்பிஐஓ அதே வேலையை வேறு வழியில் மறுபடி அனுப்பும்.
- செத்த வழிக்கு 'ஃபெயில்டு' என்று முத்திரை குத்தும்.

மேலே ஓடும் டேட்டாபேஸுக்கு இதெல்லாம் தெரியாது. சில விநாடி தாமதம் மட்டும் தெரியும். ஏடிஎம் வாசலில் நிற்கும் உங்களுக்கு அதுகூடத் தெரியாது.

அந்தத் தாமதம் எவ்வளவு என்பது செட்டிங்கைப் பொறுத்தது. ஏஐஎக்ஸில் 'ஃபாஸ்ட் ஃபெயில்' என்று வைத்தால், லிங்க் போனது உறுதியானதும் காத்திருக்காமல் தோல்வியைத் திருப்பி அனுப்பும். 'டிலேய்டு ஃபெயில்' என்று இருந்தால், திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் மறுபடி மறுபடி முயற்சி செய்துகொண்டிருக்கும். ஒரே வழி இருக்கும் சர்வருக்கு இந்தப் பொறுமை சரி. பக்கத்திலேயே வேறு வழி சும்மா இருக்கும்போது இந்தப் பொறுமை வீண். பழைய பதிப்புகளில் 'டிலேய்டு'தான் தானாக இருக்கும் அமைப்பு. நிர்வாகி பார்த்து மாற்ற வேண்டும்.

அப்போ பிரச்சினை எங்கே?

எல்லாம் சரியாக நடந்ததுதான் பிரச்சினை!

கேபிள் கழன்றது. சர்வர் ஓடியது. யாரும் புகார் சொல்லவில்லை. அதனால் யாரும் பார்க்கவும் இல்லை. கேபிள் கழன்றபடியே கிடக்கிறது. அதற்கென்று தனியாக அலர்ட் வைக்காத இடத்தில், 4 வழியில் 2 போய்விட்டது என்பது யாருக்கும் தெரியாமல் வாரக்கணக்கில் ஓடும்.

பஞ்சரான டயரை மாற்றி ஸ்டெப்னியைப் போட்டுவிட்டு, பஞ்சர் கடைக்குப் போக மறந்துவிட்ட மாதிரி. வண்டி நன்றாகத்தான் ஓடும். அடுத்த பஞ்சர் வரைக்கும்.

சர்வரில் எரர் பதிவு இருக்குமே, அதைப் பார்த்தால் தெரியாதா? தெரியும். ஏஐஎக்ஸில் 'எர்ஆர்பிடி' என்று அடித்தால் 'பாத் ஹேஸ் ஃபெயில்டு' என்ற வரி வரும். ஆனா, அதற்கும் ஆயுள் உண்டு. ஏஐஎக்ஸில் தானாக ஓடும் ஒரு சுத்தம் செய்யும் வேலை, ஹார்டுவேர் எரர்களை 90 நாளிலும், சாஃப்ட்வேர் எரர்களை 30 நாளிலும் அழித்துவிடும். இதுதான் அதன் வழக்கமான அமைப்பு. நாலு மாதம் முன்பு செத்த வழிக்கு இன்று பதிவில் சாட்சி இருக்காது. பதிவு சுத்தமாக இருக்கிறது என்பதற்காக வழிகள் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தமில்லை.

'எனேபிள்டு' என்றால் உயிரோடு இருக்கிறதா?

இதுதான் புதிதாக வேலைக்குச் சேரும் நிர்வாகிகள் பலர் ஏமாறும் இடம்.

'எல்எஸ்பாத்' அடித்தால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு வரி வரும். 'எனேபிள்டு', 'ஃபெயில்டு', 'மிஸ்ஸிங்', 'டிஃபைன்டு' என்று நிலை காட்டும். எல்லா வரியிலும் 'எனேபிள்டு' என்று இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? அவசரப்படாதீர்கள். இரண்டு ஓட்டை இருக்கிறது.

முதல் ஓட்டை, சும்மா இருக்கும் வழி. ஏஐஎக்ஸில் வழியைத் தேர்ந்தெடுக்கும் முறை மூன்று உண்டு. 'ஃபெயில் ஓவர்' முறையில் ஒரே வழியில்தான் எல்லாம் போகும், மற்ற வழிகள் சும்மா இருக்கும். 'ரவுண்ட் ராபின்' முறையில் மாறி மாறிப் போகும். 'ஷார்ட்டஸ்ட் க்யூ' முறையில் கூட்டம் குறைவான வழியில் போகும். நாம் ரேஷன் கடையில் குட்டி வரிசை பார்த்து நிற்போமே, அது மாதிரி.

'ஃபெயில் ஓவர்' முறையில் சும்மா இருக்கும் வழி செத்துப்போனால் யார் சொல்வது? அதற்காகத்தான் 'ஹெல்த் செக்' இருக்கிறது. குறிப்பிட்ட விநாடிக்கு ஒரு முறை அந்த வழியில் ஒரு சின்னக் கட்டளையை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும். இதன் செட்டிங் பெயர் 'ஹெச்செக் இன்டர்வல்'. 60 என்றால் 60 விநாடிக்கு ஒரு முறை. 0 என்றால் சோதனையே கிடையாது.

0 என்று இருந்தால், செத்த வழியும் 'எனேபிள்டு' என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஏனென்றால் அந்தப் பக்கம் யாரும் போய்ப் பார்க்கவே இல்லை. 'எனேபிள்டு' என்ற வார்த்தைக்கு அர்த்தம், கடைசியாகப் பார்த்தபோது பிரச்சினை இல்லை என்பது மட்டும்தான்.

இரண்டாவது ஓட்டை, இல்லாத வழி. சர்வருக்குத் தெரிந்த வழியைத்தான் கமாண்ட் காட்டும். முதல் நாளே ஒரு வழி இணைக்கப்படாமல் விட்டுப்போயிருந்தால், அது 'ஃபெயில்டு' என்று வராது. வரியே வராது. 4 வரி இருக்க வேண்டிய இடத்தில் 3 வரி, மூன்றும் 'எனேபிள்டு'. பார்க்க அழகாக இருக்கும். அதனால் நிலையை மட்டும் பார்த்தால் போதாது. வரியை எண்ண வேண்டும். எண்ணிக்கை எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு ராத்திரி, இரண்டு ரீபூட்

இதன் விளைவு என்ன ஆகும் என்று ஒரு கற்பனைச் சூழ்நிலையில் பார்ப்போம்.

ஐபிஎம்-இன் பவர் சர்வர் ஒன்றைப் பல சின்னச் சர்வர்களாகப் பிரித்து ஓட்டலாம். அந்தச் சின்னச் சர்வர்களுக்கு டிஸ்க்கைப் பங்கிட்டுத் தர நடுவில் ஒரு ஆள் இருப்பார். அவர் பெயர் 'விஐஓஎஸ்'. அவர் ஒருவர் படுத்தால் எல்லோரும் படுப்பார்கள் என்பதால், அவரையும் இரண்டாக வைப்பார்கள். ஒவ்வொரு சின்னச் சர்வரும் இரண்டு விஐஓஎஸ் வழியாகவும் டிஸ்க்கைப் பார்க்கும்.

ஞாயிறு ராத்திரி. விஐஓஎஸ் இரண்டுக்கும் அப்டேட் போட வேண்டும். ஒன்று ஓடும்போது மற்றொன்றை ரீபூட் செய்யலாம், சேவை நிற்காது. பிளான் பக்கா.

12 மணிக்கு முதலாவது ரீபூட். அதன் வழியாகப் போகும் வழிகள் எல்லாம் 'ஃபெயில்டு' ஆகின்றன. இரண்டாவது வழியில் வேலை ஓடுகிறது. 15 நிமிடத்தில் முதலாவது திரும்பி வந்துவிட்டது. நிர்வாகி லாகின் செய்து பார்க்கிறார். விஐஓஎஸ் நன்றாக இருக்கிறது. சரி, அடுத்து இரண்டாவது ரீபூட்.

இங்கேதான் விபத்து. இப்படி விஐஓஎஸ் வழியாக வரும் டிஸ்க்குகளுக்குப் பல பதிப்புகளில் 'ஹெச்செக் இன்டர்வல்' தானாக 0 என்றுதான் இருக்கும். அதாவது முதலாவது விஐஓஎஸ் திரும்பி வந்ததை, சின்னச் சர்வர் போய்ப் பார்க்கவில்லை. அதன் கணக்கில் அந்த வழி இன்னும் 'ஃபெயில்டு'. இந்த நிலையில் இரண்டாவதையும் ரீபூட் செய்தால், டிஸ்க்கை அடைய வழியே இல்லாத நிலைக்குச் சர்வர் போகலாம். ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கும் அதே வழியில்தான் வருகிறது என்றால், சொல்லவே வேண்டாம்.

இரண்டு ரீபூட்டுக்கும் நடுவில், அந்தச் சின்னச் சர்வரில் போய் 'எல்எஸ்பாத்' என்று ஒரு முறை அடித்திருந்தால் போதும். 'ஃபெயில்டு' என்று இருந்திருக்கும். 'சிஎச்பாத்' கமாண்டில் 'எனேபிள்' கொடுத்துச் சரிசெய்துவிட்டு அடுத்த ரீபூட்டுக்குப் போயிருக்கலாம். விஐஓஎஸ் பக்கம் பார்த்தார், அதன் வழியாக டிஸ்க்கைப் பார்க்கும் சர்வர் பக்கம் பார்க்கவில்லை.

4 வழி, ஒரே பிளக்!

இன்னொரு வகை ஏமாற்றமும் உண்டு. கமாண்டில் 4 வழி தெரியும். நாலும் உண்மையாகவே உயிரோடு இருக்கும். ஆனாலும் அது 4 வழி கிடையாது. எப்படி?

- இரண்டு கேபிளும் ஒரே கார்டின் இரண்டு போர்ட்டில் இருக்கும். கார்டு போனால் இரண்டும் போகும்.
- ஸ்விட்ச் இரண்டுதான். ஆனா, இரண்டுக்கும் கரன்ட் ஒரே லைனில் இருந்து வரும்.
- 4 வழியும் ஸ்டோரேஜின் ஒரே கன்ட்ரோலரில் போய் முடியும். அந்தக் கன்ட்ரோலருக்கு அப்டேட் போடும் நாளில்தான் உண்மை வெளியே வரும்.
- எல்லாக் கேபிளும் ஒரே குழாயில் ஓடும். எலி கடித்தாலும், யாராவது தெரியாமல் வெட்டினாலும் மொத்தமாகப் போகும்.

இதை எந்தக் கமாண்டும் முழுசாகச் சொல்லாது. ரேக்குக்குப் பின்னால் போய்க் குனிந்து, கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டே தொடர்ந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் லேபிள் ஒட்டுவது அழகுக்கு அல்ல. நடுராத்திரியில் எதைப் பிடுங்கலாம், எதைப் பிடுங்கக் கூடாது என்று தெரிவதற்காக.

செத்த வழியைவிட மோசமானது, பாதி செத்த வழி

முழுசாகச் செத்த வழி பரவாயில்லை, சர்வர் அதை ஒதுக்கிவிடும். ஆனா, கேபிள் முனையில் தூசி, அல்லது ஒளி அனுப்பும் சின்ன மாட்யூல் பழசாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழி கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும், கொஞ்ச நேரம் தடுமாறும்.

ஒவ்வொரு முறையும் சர்வர் அதில் வேலையை அனுப்பும். பதிலுக்குக் காத்திருக்கும். ஏஐஎக்ஸில் இப்படிக் காத்திருக்கும் நேரம் பல டிஸ்க்குகளுக்கு 30 விநாடி. பிறகு வேறு வழியில் அனுப்பும். அடுத்த நிமிடம் சோதித்தால் அந்த வழி நல்லா இருக்கும். மறுபடி சேர்த்துக்கொள்ளும். மறுபடி தடுமாறும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு, 'சர்வர் டவுன் இல்லை, ஆனா ரொம்ப ஸ்லோ' என்று தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஏஐஎக்ஸில் 'எஃப்சிஸ்டாட்' கமாண்ட் உண்டு. கார்டு வழியாக வந்த பழுதான டேட்டாவின் எண்ணிக்கையைக் காட்டும். அந்த எண் ஒரு முறை பார்த்ததைவிட அடுத்த முறை ஏறிக்கொண்டே போனால், அந்த வழியைக் கையாலேயே நிறுத்திவிட வேண்டும். 'சிஎச்பாத்' கமாண்டில் 'டிஸேபிள்' கொடுத்தால் போதும். ஒரு வழி குறைந்தாலும் வேகம் திரும்பும். பிறகு நிதானமாகக் கேபிளைச் சுத்தம் செய்யலாம், மாட்யூலை மாற்றலாம்.

கார்டு மாற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஓடும் சர்வரிலேயே பழுதான கார்டை மாற்றும் வசதி பல பவர் சர்வர்களில் உண்டு. ஆனா, வரிசை முக்கியம்.

1. மற்ற கார்டு வழியாகப் போகும் வழிகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். எல்லா டிஸ்க்குக்கும் பார்க்க வேண்டும், ஒன்றுக்கு மட்டும் அல்ல.
2. மாற்றப்போகும் கார்டின் வழிகளை 'டிஸேபிள்' செய்து சில நிமிடம் கவனிக்க வேண்டும். ஏதாவது தப்பாக இருந்தால் 'எனேபிள்' செய்து திரும்பிவிடலாம். இந்த நிலை வரைக்கும் எதுவும் உடையவில்லை.
3. பிறகு 'ஆர்எம்பாத்' கமாண்டில் அந்த வழிகளை எடுத்துவிட்டு, கார்டை மாற்றலாம்.
4. புதிய கார்டுக்கு அடையாள எண் மாறிவிடும். 'டபிள்யூடபிள்யூபிஎன்' என்பார்கள், 16 இலக்கம். பழைய எண்ணுக்கு அனுமதி கொடுத்த ஸ்விட்ச்சும் ஸ்டோரேஜும் புதிய எண்ணை உள்ளே விடாது. ஸ்டோரேஜ் டீம் இரண்டு இடத்திலும் எண்ணை மாற்ற வேண்டும்.
5. 'சிஎஃப்ஜிஎம்ஜிஆர்' அடித்தால் புதிய வழிகளைச் சர்வர் தேடிப் பிடிக்கும். வரியை எண்ணிப் பாருங்கள்.
6. ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கும் இந்த வழியில் வருகிறது என்றால், 'பூட்லிஸ்ட்' கமாண்டை மறுபடி ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் பூட் ஆகும்போது, புதிய வழி அந்தப் பட்டியலில் இருக்காது.

அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் கடைசி இரண்டும்தான். சர்வர்தான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதே!

லினக்ஸ், சோலாரிஸ் பயன்படுத்துபவர்களுக்கு?

தத்துவம் ஒன்றுதான், பெயர்தான் வேறு. லினக்ஸில் 'மல்டிபாத்டி' என்ற பின்னணி வேலை வழிகளைக் கவனித்துக்கொண்டே இருக்கும். 'மல்டிபாத் மைனஸ் எல்எல்' என்று அடித்தால் வழிகளின் நிலை தெரியும். சோலாரிஸில் 'எம்பாத்அட்மின்' உண்டு. ஹெச்பி-யூஎக்ஸில் 2007-ல் வந்த 11ஐ வி3 பதிப்பிலிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

லினக்ஸில் ஒரு செட்டிங்கைக் கவனிக்க வேண்டும். எல்லா வழியும் செத்துவிட்டால் என்ன செய்வது என்று முடிவு செய்வது அது. 'க்யூ இஃப் நோ பாத்' என்று வைத்தால், வழி திரும்பி வரும் வரை வேலைகள் வரிசையில் காத்திருக்கும். சின்னத் தடங்கலுக்கு இது வரப்பிரசாதம். வழி வரவே இல்லை என்றால் புரோகிராம்கள் உறைந்துபோய் நிற்கும், 'கில்' கொடுத்தாலும் சாகாது. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை நிறுவனம் முன்கூட்டியே முடிவு செய்து, 'நோ பாத் ரீட்ரை' என்ற இடத்தில் எண்ணாகக் கொடுப்பது நல்லது.

மல்டிபாத் எதைக் காப்பாற்றாது?

இது பேக்கப் கிடையாது. யாராவது ஒரு டேபிளைத் தப்பாக அழித்தால், நாலு வழி இருந்தாலும் அழிந்தது அழிந்ததுதான். ஸ்டோரேஜ் பெட்டியே எரிந்துபோனால், அதற்குப் போக எத்தனை வழி இருந்து என்ன? பாலம் நாலு இருக்கலாம், ஊர் ஒன்றுதான். அதற்குப் பேக்கப்பும், வேறு ஊரில் இன்னொரு பிரதியும் தனியாக வேண்டும்.

நிர்வாகிகள் கையில் வைத்திருக்க வேண்டிய பட்டியல்

- ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எத்தனை வழி இருக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். தினமும் ஒரு ஸ்கிரிப்ட் எண்ணிப் பார்த்து, குறைந்தால் மெசேஜ் அனுப்பட்டும்.
- 'ஹெச்செக் இன்டர்வல்' 0 என்று இருக்கிறதா பாருங்கள். ஓடும் டிஸ்க்கில் மாற்றினால் பெரும்பாலும் அடுத்த ரீபூட்டில்தான் அமலுக்கு வரும் என்பதால், முன்கூட்டியே திட்டமிடுங்கள்.
- அதை ரொம்பக் குறைவாகவும் வைக்காதீர்கள். டிஸ்க்கின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைவிடக் குறைவாக வைப்பது சரியல்ல. ஆயிரம் டிஸ்க் இருந்தால் சோதனையே சுமையாகிவிடும்.
- 'ரவுண்ட் ராபின்' வேண்டுமென்றால் முதலில் 'ரிசர்வ் பாலிசி'யைப் பாருங்கள். அது 'சிங்கிள் பாத்' என்று இருந்தால், டிஸ்க் ஒரே வழிக்குப் பூட்டப்பட்டிருக்கும். மற்ற வழியில் போக முடியாது.
- எந்த வேலைக்கு முன்பும் ஒரு முறை, பின்பும் ஒரு முறை வழியை எண்ணுங்கள். இரண்டு வேலைக்கு நடுவிலும் எண்ணுங்கள்.
- ஆள் இருக்கும் பகல் நேரத்தில், அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு பக்க வழிகளை 'டிஸேபிள்' செய்து பாருங்கள். சர்வர் தாங்குகிறதா என்று நீங்களே தெரிந்துகொள்ளும் நாள் அதுவாக இருக்கட்டும்.

கடைசிப் புள்ளிதான் பலருக்குப் பயம். ஓடுகிற சர்வரில் ஏன் கை வைக்க வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனா, ஒரு பக்கத்தை நிறுத்தினால் சர்வர் படுத்துவிடும் என்ற பயம் இருந்தால், அந்த இரண்டாவது பக்கத்தை யாரும் நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? நீங்கள் சோதிக்காவிட்டால், ஒரு நாள் கேபிளே சோதித்துவிடும். அது சம்பள நாளாகவும் இருக்கலாம்.

ஊருக்குக் கிளம்பும் முன் ஸ்டெப்னியை ஒரு தட்டு தட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகும். நடுரோட்டில், ராத்திரி 2 மணிக்கு, டிக்கியைத் திறந்த பிறகு தட்டிப் பார்த்து என்ன பயன்?